தாது ஆண்டின்மீது பழி!

"தாது வருடப் பஞ்சம்" - பாட்டன்மாரும் பூட்டன்மாரும் சொல்லிச் சொல்லி நம் காதில் ஏறிவிட்ட பெயர். 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய பெரும் பஞ்சத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது. பெயரிலேயே தீர்ப்பும் அடங்கிக் கிடக்கிறது, பார்த்தீர்களா? குற்றவாளி யார்? ஆண்டு! தாது என்னும் ஆண்டு பிறந்தது, பஞ்சம் வந்தது, மக்கள் மாண்டனர். ஆண்டு கழிந்தது, பஞ்சமும் கழிந்தது. ஆண்டவனைக் கேட்க முடியாது; ஆண்டைக் கேட்க முடியாது; ஆண்டுகொண்டிருந்தவனையோ கேட்கவேண்டிய தேவையே இல்லாமற் போய்விட்டது!

அந்த அறுபது ஆண்டுப் பெயர்ப்பட்டியல் செக்குமாடுபோலச் சுற்றிச் சுற்றி வருவது. 1876-இல் வந்த தாது 1936-இல் மீண்டும் வந்தது, 1996-இலும் வந்தது. தாதுதான் பஞ்சத்தின் தாய் என்றால் அந்த இரண்டு முறையும் பிணக்குவியல்கள் எங்கே? 1996-இல் நடந்தது என்ன? ஜூன் திங்களிலேயே சென்னையில் வானம் கிழிந்ததுபோல் மழை கொட்டி, தெருக்கள் ஆறுகளாயின! மேகம் பஞ்சாங்கம் படிப்பதில்லை.

மழை பொய்த்ததற்குக் காரணம் உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கீழைப் பகுதியிலும் மேற்பரப்பு நீர் சில ஆண்டுகளில் வழக்கத்தைவிட மிகுதியாகச் சூடேறுகிறது. காற்றின் போக்கு மாறுகிறது. பல்லாயிரம் கல்லுக்கு அப்பாலிருக்கும் நம் பருவமழை தடுமாறுகிறது. எல் நினோ என்று இதற்குப் பெயர். 1877-78இல் தோன்றிய எல் நினோ, அறியப்பட்டவற்றுள் மிகக் கொடியவற்றில் ஒன்று. இந்தியா மட்டுமல்ல, சீனமும் பிரேசிலும் அப்போது கருகின. கடல் செய்த குற்றம் அவ்வளவே - மழையைத் தடுத்தது. மழையின்மை வேலையின்மையாகி, வேலையின்மை பட்டினியாகி, பட்டினி பிணமானதே, அந்த வழிநெடுகிலும் நின்றவர்கள் மனிதர்கள். அவர்கள் கையில் இருந்தவை சட்டங்கள், விலைப்பட்டியல்கள், நிலப்பதிவேடுகள்.

இதற்குச் சான்று தேடி வேறெங்கும் போகவேண்டாம். சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற ஒரே மனிதரின் வரலாறு போதும். 1873-74இல் பீகாரில் பயிர் பொய்த்தது. அப்போது அங்கே பொறுப்பிலிருந்த டெம்பிள், பர்மாவிலிருந்து நான்கரை இலட்சம் டன் அரிசியை வரவழைத்தார். வேலை செய்ய முடிந்தவர்க்கு வேலை, முடியாதவர்க்கு உணவு என்று வழங்கினார். விளைவு? பட்டினிச் சாவு என்று சொல்லத்தக்கதாக ஏதுமில்லை! பாராட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஏசினார்கள். வீண்செலவு என்றார்கள். உழைக்காதவனுக்குச் சோறு போட்டு அவனைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். இலண்டன் ஏடுகள் கணக்குக் கேட்டன. பிழைத்த உயிர்கள் கணக்கில் ஏறவில்லை. செலவழிந்த பவுன்கள் ஏறின.

மூன்றாண்டு கழித்து அதே டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்படுகிறார். 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசியாருக்கு இந்தியப் பேரரசி என்று தில்லியில் முடிசூட்டு விழாக் கொண்டாட்டம். வைசிராய் லிட்டன் பிரபு நடத்திய தர்பார். பட்டும் பவளமும் அங்கே. பட்டினியும் பாடையும் இங்கே. அந்த விழாவின் ஆரவாரம் அடங்குமுன் பஞ்சப் பகுதிகளுக்குப் புறப்பட்ட டெம்பிளுக்கு இடப்பட்ட கட்டளை: செலவைச் சுருக்கு! தானிய விலையில் அரசு கைவைக்கக் கூடாது, வாணிகம் தானாகவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பது லிட்டனின் கொள்கை. வாணிகம் பார்த்துக்கொள்ளத்தான் செய்தது - எங்கே விலை மிகுதியோ அங்கே தானியத்தைக் கொண்டு சென்றது. நம்மவர் நாட்டிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறுவது அந்த ஆண்டுகளிலும் நிற்கவில்லை.

பீகாரில் பட்ட ஏச்சை மறக்காத டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று விதித்தார். இன்றைய அளவில் ஏறத்தாழ 450 கிராம். கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும், வெயிலில் நாள்முழுதும் நிற்க வேண்டும். அதற்கு 450 கிராம்! அப்போது சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுந்தார். அவரும் வெள்ளையர்தாம், அரசு ஊழியர்தாம். உழைக்கும் மனித உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லையேல் நீங்கள் கொடுப்பது கூலியன்று, மெதுவாகக் கொல்லும் மருந்து என்ற கருத்தில் அவர் வாதாடினார். முகாம்களில் செத்தவர் கணக்கை எடுத்து நீட்டினார். சில திங்களில் சென்னை அரசு அளவை ஓரளவு உயர்த்தியது. அதற்குள் புதைக்கப்பட்டவர்கள் எழுந்து வந்து வாங்கிக்கொள்ள முடியுமா?

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி, அந்தப் பஞ்சத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் வெட்டியது. கால்வாய்க்கு ஆளுநரின் பெயர். வெட்டியவர் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை.

மாண்ட அந்த 50 இலட்சம் பேர் யார்? பஞ்சம் எல்லாரையும் ஒன்றுபோல் தாக்கியது என்பது பொய். 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. வறட்சி முதலில் பறிப்பது சோற்றை அல்ல, வேலையை. உழவு நின்றால் கூலி நிற்கும்; கூலி நின்றால், கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும் கூலியாளுக்கு அது கண்காட்சிதான். நிலமுள்ளவனுக்குக் குதிரில் நெல், வட்டிக்காரனுக்குப் பெட்டியில் பணம், நெசவாளிக்குத் தறியில் வாங்குவாரற்ற துணி, நிலமற்ற உழவனுக்கு? 1943-இல் வங்கத்தில் நிகழ்ந்த கொடுமையை ஆராய்ந்து 1981-இல் அமர்த்திய சென் எழுதிய நூல் இதையே உலகுக்கு விளக்கிற்று. நூறாண்டுக்கு முன் நம் மண்ணில் இரத்தத்தால் எழுதப்பட்ட பாடம் அது.

சரி, நிலமற்றவன் ஏன் நிலமற்றவனானான்? சோம்பலாலா? முற்பிறப்பில் செய்த வினையாலா? 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் ஓர் அறிக்கை எழுதினார். ஊர் நிலம் முழுவதும் மிராசுதாரர் உரிமை. ஒடுக்கப்பட்டோர் குடியிருக்கும் குடிசையின் அடிமண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. கூலி போதவில்லை என்று வாய்திறந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையை அதில் விளக்கினார். அடுத்த ஆண்டே, 1892-இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது அதுவே. ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்வர். பத்தாண்டு விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டோர்க்கே விற்கவேண்டும் என்பது விதி. விதி தாளில் இருந்தது. நிலம் பிறர் கைக்குப் போயிற்று. அதை மீட்கச் செங்கற்பட்டு மாவட்டம் காரணையில் மக்கள் எழுந்தபோது, 1994 அக்டோபரில் துப்பாக்கிக் குண்டுக்கு இருவர் பலியாயினர். நூற்றிரண்டு ஆண்டுக்கு முந்திய ஓர் அரசாணையை நடைமுறைப்படுத்தக் கேட்டதற்கு அந்த விலை!

இவ்விடத்தில் பழம்பெருமை பேசும் நண்பர்கள் குறுக்கிடுவர். "வெள்ளைக்காரன் வருமுன் எல்லாம் நன்றாக இருந்தது, ஊருக்கு ஊர் ஏரி, ஏரிக்கு ஏரி குடிமராமத்து, ஊரே கூடி மண்வெட்டி எடுத்தது" என்பர். ஏரிகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள், கண்மாய்கள். ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததை நிரப்ப, அது வழிந்து அதற்கடுத்ததை நிரப்பச் சங்கிலியாகக் கோத்த அறிவு உலகம் வியக்கத்தக்க அறிவு. வெள்ளத்தை வாங்கி வறட்சிக்கு வைத்துக்கொடுக்கும் அந்த ஏற்பாட்டைப் பேணாமல் விட்டது அயலாட்சியின் குற்றம். ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையமும் வீட்டுமனையும் ஆக்கியது நம்மாட்சிகளின் குற்றம். இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஏரியின் மடையைத் திறந்தவன் யார்? எந்த வயலுக்கு எந்த யாமத்தில் எவ்வளவு நீர் என்று கணக்கு வைத்தவன் யார்? நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்தத் தொழிலாளி, பெரும்பாலான ஊர்களில் சேரியைச் சேர்ந்தவன். நள்ளிரவில், கொட்டும் மழையில், கரை உடையுமோ என்று காவல் நின்றவன் அவன். நீரைப்பற்றி அவனுக்குத் தெரிந்தது ஊரில் வேறெவருக்கும் தெரியாது. அந்த நீர் பாய ஒரு குழி நிலம் அவனுக்குண்டா? அறுவடையில் சில மரக்கால் நெல், அவ்வளவே! ஊர் கூடி மண் சுமந்தது என்கிறார்களே, கரை உடைந்தால் மக்களை வேலைக்கு இழுக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றவேண்டி வந்ததே, ஏன்? நிலமுடையவர் கூலியாளை அனுப்பினர். கூலியாள் மண்ணைச் சுமந்தான். பெயர் "ஊர்" தட்டிக்கொண்டது. ஏரியை மீட்போம் என்று இன்று புறப்படும் இளைஞர்கள் வண்டலை அள்ளும்போதே, தேங்கும் நீர் யார் வயலுக்குப் போகும் என்றும் கேட்டுவிட வேண்டும். 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசுத் திட்டம் தொடங்கியபோது இந்தக் கேள்வியைக் கேட்டவர் மிகச் சிலர்.

தஞ்சைக்கு வருவோம். நெற்களஞ்சியம் என்கிறோம். களஞ்சியத்தில் நெல் நிறைத்தவன் பண்ணையாள். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெருநிலக்கிழார்களின் பண்ணையாட்களையும் குத்தகையாளர்களையும் நினைத்தபோது விரட்டக் கூடாது, குத்தகையாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் நாகைக் கடற்கரையைப் புயல் புரட்டிப் போட்டது. சட்டமும் புயலும் ஒரே ஆண்டில்! 1955-இல் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம், 1956-இல் நியாய வாரச் சட்டம் - நன்செயில் நிலக்கிழாரின் பங்கு நூற்றுக்கு 40, பின்னாளில் அது 25 ஆயிற்று. 1961-இல் நில உச்சவரம்பு 30 தரநிலை ஏக்கர், 1970-இல் 15. அறக்கட்டளை என்றும் பினாமி என்றும் ஓட்டைகள் இருந்த கதை ஊரறிந்தது.

1960-61இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சையில் தொடங்கியது. இந்தியா முழுவதிலும் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் அதுவும் ஒன்று. உரம் வந்தது, கடன் வந்தது, ஆடுதுறை 27 என்ற குறுகிய காலக் குறுவை நெல் வந்தது. விளைச்சல் உயர்ந்தது. உயர்ந்த விளைச்சலில் அரைப்படி கூடக் கூலி கேட்டனர் கீழத்தஞ்சையின் உழைப்பாளிகள். கிடைத்த விடை, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரிந்த குடிசை. முதியோரும் பெண்டிரும் குழந்தைகளுமாக 44 பேர் உள்ளே வெந்தனர். அன்று நடந்தது நம் இயக்கத்தின் ஆட்சி. மலர்ந்து இரண்டாண்டு நிறையாத ஆட்சி. அதை மறைத்து எழுதுவது நமக்கு அழகன்று. மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலை பெற்றதையும் மறைக்க வேண்டாம். வெண்மணிக்குப் பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதே 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டமும் வந்தது. 1971-இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உடைமையாக்கும் சட்டம் வந்தது. திரமென்கீர் எழுதிய எண்பதாம் ஆண்டில் குடிசையின் அடிமண் உழைப்பாளிக்கு உரிமையாயிற்று.

இவற்றையெல்லாம் மழைக்கும் பருவத்துக்கும் தொடர்பில்லாத தனிக்கதை என்று கருதுவோர் 2016ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 1876-க்குப் பிறகு அத்தகைய குறைவு பதிவானதில்லை! ஆம், தாது ஆண்டின் வானம் 140 ஆண்டு கழித்து மீண்டும் வந்தது. காவிரி வறண்டது. மாநிலமே வறட்சி பாதித்தது என 2017 ஜனவரியில் அரசு அறிவித்தது. டெல்டாவில் உழவர் மாண்ட செய்திகள் வந்து நெஞ்சைச் சுட்டன. ஆயினும் 1877போல் இலட்சக்கணக்கானோர் சாலையோரம் விழுந்து மடியவில்லை. ஏன்? வருணன் இரங்கினானா? 2019 கோடையில் மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்தச் சுற்றறிக்கையே அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் அந்த ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டே கிடந்தன. 2016-இல் உயிர் காத்தது வேறு. எல்லாக் குடும்ப அட்டைக்கும் அரிசி தந்த நியாயவிலைக்கடை. பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவு. 2005-இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கூலி. ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்று 1967-இல் பேரறிஞர் அண்ணா சொன்னபோது, பொருளாதாரம் அறியாத பேச்சு என்று நகைத்தவர்கள் இருந்தார்கள். டெம்பிளின் பீகார்ச் செலவைப் பார்த்து நகைத்தவர்களின் வாரிசுகள் அவர்கள்!

காப்பு அதோடு நின்றுவிட்டதுதான் என் குறை. உயிர் போகவில்லை, ஆனால் இழப்பு யார் தலையில் விழுந்தது? அந்த வறட்சிக்கு ஏறத்தாழ 32 இலட்சம் உழவர்களுக்கு ரூபாய் 2,247 கோடி நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நெல்லுக்கு ஏக்கர் ஒன்றுக்கு ரூபாய் 5,465. ஏக்கருக்கு! ஏக்கரே இல்லாதவளுக்கு? நடவும் களையும் அறுப்புமாக அந்தப் பருவத்தில் அறுபது எழுபது நாள் வேலை பார்த்திருக்க வேண்டிய பெண்ணுக்கு இழப்பு இல்லையா? அவள் இழந்தது கூலி, கூலி பயிரன்று, ஆகவே கணக்கில் இல்லை. வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவன் நிலை இன்னும் விந்தை. விதை அவனது, கடன் அவனது, கருகிய பயிர் அவனது. சிட்டாவும் அடங்கலும் வேறொருவர் பெயரில். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியம் முதல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும் இதே கேள்வி: மரத்துக்கு இழப்பீடு உண்டு, அந்த மரத்தில் ஏறிப் பிழைத்தவனுக்கு?

நம் பக்கத்துத் திட்டம் ஒன்றையும் இங்கே உரசிப் பார்க்கத்தான் வேண்டும். 1990 முதல் உழவர்க்கு மின்சாரம் இலவசம். கடனில் மூழ்கியவரைக் கரையேற்றிய திட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் கிணறு உள்ளவனுக்குத்தான் மோட்டார், மோட்டார் உள்ளவனுக்குத்தான் மின்சாரம். ஆழ ஆழத் துளைக்கத் துட்டு உள்ளவன் நிலத்தடி நீரை இழுக்க, பக்கத்துச் சிறு உழவனின் கிணறு வற்றுகிறது. அந்தச் சலுகையை ஒழி என்று கூறவில்லை. அதைத் தின்று கொழுக்கும் பெருவிரல்களை அடையாளம் காண வேண்டும் என்கிறேன். கிணறற்றவனுக்கும் அதற்கீடான ஒரு பங்கு வேண்டாமா?

"நல்ல விதை வந்தால் போதும், நிலம் யார் பெயரில் இருந்தால் என்ன?" என்பார் உண்டு. வெள்ளத்தில் நாட்கணக்கில் மூழ்கினாலும் அழியாத சி.ஆர்.1009 சப்-1 நெல்லை அறிவியல் தந்திருக்கிறது; வரவேற்போம். ஆயினும் அடுத்த ஆண்டு இந்த வயல் தனக்கு உண்டா என்று தெரியாதவன் எந்த நம்பிக்கையில் வரப்பை உயர்த்துவான், வடிகால் வெட்டுவான், எருவிட்டு மண்ணைத் திருத்துவான்? ஆடுதுறை 27-உம் நல்ல விதைதான். அது விளைந்த மண்ணில்தான் வெண்மணி எரிந்தது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். அறுபது ஆண்டு! பஞ்சாங்கக்காரரின் முழுச்சுழற்சி ஒன்று கழிந்திருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் பெண்கள் பெயரில் நடந்த சாகுபடிக் கைப்பற்றுகள் நூற்றுக்கு 14 அளவே. நாற்று நடும் கைகளை எண்ணினால் கணக்கு எவ்வளவு மாறும்!

1969-இன் குத்தகைப் பதிவுச் சட்டப்படி, குத்தகையாளர் தம் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பவனை நிலக்கிழார் அடுத்த போகத்தில் விலக்கிவிடுவார் என்ற அச்சமே பல ஊர்களில் அந்தச் சட்டத்தை முடக்கி வைத்திருக்கிறது. தனியொருவன் போனால் விரட்டலாம். ஓர் ஊரின் குத்தகையாளர் அனைவரும் ஒரே நாளில் மனுவோடு போனால் எவரை விரட்டுவது? படிப்பகங்களிலும் மன்றங்களிலும் மாலைதோறும் கூடும் நம் தோழர்கள், குறுவை நடவுக்கு முன் தத்தம் ஊரில் எத்தனை பேர் பதிவின்றி உழுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டெழுதட்டும். புல எண், பரப்பு, எத்தனை ஆண்டாக உழுகிறார், வாரம் எவ்வளவு, நடவாட்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் - இவ்வளவே கேட்க வேண்டியது. மனுவை எழுதிக்கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகம் வரை உடன் செல்லட்டும். அக்டோபரில் பருவமழை தொடங்குமுன் அந்தப் பட்டியல் ஆயத்தமாகிவிட வேண்டும்.